நாவப்பழக் கலர் செட்டு

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு எங்கள் தலைமை எழுத்தர் என் மேசைக்கு வந்து நின்றார். அலுவலகத்தில் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்திருந்தார்கள். நான் முத்திரைக் கட்டைகளைத் தகர டப்பாவுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, மகளை எங்கயும் ஊருக்கு அனுப்பியிருக்கீகளா?" என்றார்.

"இல்லையே சார். காலேஜுக்குப் போயிருக்கா. இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பா."

"அப்ப வேற யாரையோ பாத்திருப்பேன். விடுங்க."

விடுங்க என்று சொல்லிவிட்டு அவர் போகவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். ஒரு பொண்ணு பழனி பஸ்ஸுல ஏறுச்சு. முதுகுதான் தெரிஞ்சது. அதே நாவப்பழக் கலர் சுங்குடி. கூட ஒரு பையன் டிரங்குப் பெட்டியைத் தூக்கி பஸ் மேல போட்டுக்கிட்டு இருந்தான். நீங்கதான சொன்னீக, அந்தக் கலர்ல ஊர்ல ரெண்டாவது சேலை கெடையாதுன்னு."

சொன்னது நான்தான். ஆயுத பூஜை அன்று பொரி கடலை வாங்கிக்கொண்டு போக மகள் அலுவலகத்துக்கு வந்தபோது, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நல்ல நாவல் பழத்தைக் கடித்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். மேலே எலுமிச்சம் மஞ்சளில் புள்ளிகள். எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். எந்தக் கடை என்று கேட்டார்கள். கடை இல்லை, அவளுடன் படிக்கும் சின்னாளபட்டிப் பெண் ஒருத்தியின் வீட்டில் தறி, சாயம் எல்லாம் உண்டு, மிச்சம் இருந்த சாயங்களைக் கலந்தபோது தற்செயலாக வந்த நிறம், திரும்ப வராது என்று நான் ஒவ்வொருவருக்கும் இருமுறை விளக்கினேன். மகள் பக்கத்தில் நின்று பொரியைத் தின்றுகொண்டிருந்தாள். சின்னதாகச் சிரித்த மாதிரி இருந்தது. பெருமையில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

தலைமை எழுத்தர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெறப் போகிறவர், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். அவர் சொன்னதைவிட, சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனதுதான் என்னைக் கலக்கியது.

நான் வேலை பார்ப்பது பத்திரப் பதிவு அலுவலகம். நிலம், வீடு, தானம், பாகப் பிரிவினை போக, கல்யாணங்களையும் பதிகிறோம். பெற்றோர் தாம்பூலத் தட்டோடு வரும் கல்யாணங்கள் ஒரு வகை. இன்னொரு வகையில் பெண்ணின் கண் வாசலைவிட்டு நகராது. மாப்பிள்ளைப் பையன் சட்டைப் பையில் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அப்படி வருகிறவர்களோடு அம்மா அப்பா வரமாட்டார்கள், ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட ஆட்களுக்குப் பஞ்சம் இருக்காது. கூடப் படிக்கிற சிநேகிதக் கூட்டம், அதாவது செட்டு, திரண்டு வந்திருக்கும்.

இத்தனை வருடத்தில் எந்தக் கல்லூரியின் செட்டு எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மதுரைக்குத் தினமும் ரயிலில் போய்ப் படிக்கிற பையன்கள் பெட்டிவாரியாகச் செட்டு. முன்பெட்டிக்காரன் பின்பெட்டிக்காரனுக்குச் சாட்சி போட மாட்டான். பாலிடெக்னிக் பையன்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒரே மேடையில் அரம் பிடித்தவர்கள்தான் செட்டு. ஒருத்தன் கையெழுத்துப் போடப் பேனா தேடினால் நாலு பேர் நீட்டுவார்கள். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் ஊர்வாரியாகச் சேர்வார்கள். தேனிச் செட்டு, பழனிச் செட்டு என்று பெயர். பெயருக்கு ஒரு சீனியர் தலைவன், சேருகிறவனைக் கிணற்றில் குதிக்கச் சொல்வது போன்ற பைத்தியக்காரச் சடங்குகள் எல்லாம் உண்டு. பதிந்து முடித்துப் பெண்ணும் பையனும் போனபிறகு, பெண்ணின் அப்பா வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதனால் செட்டு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தப் பெஞ்சு ஞாபகம் வரும்.

மகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது நூலகம் பெரிதா, ஆய்வகம் உண்டா என்று மற்றவர்கள் விசாரித்தார்கள். நான் ஒன்றைத்தான் விசாரித்தேன். மதுரைப் பக்கமாகப் போகிற டவுன் பஸ்ஸில், ஊருக்கு வெளியே இருந்த பெண்கள் கல்லூரி அது. அங்கே அலுவலக அறையில் இருந்தவரிடம், "இங்க செட்டு கிட்டு உண்டுங்களா?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "சங்கம் இருக்கு. கோலப் போட்டி இருக்கு. செட்டெல்லாம் இங்க கெடையாதும்மா. அஞ்சாவது மணி அடிச்சா அம்புட்டும் பஸ்ஸுக்கு ஓடிரும்" என்றார். அன்றைக்கே சேர்த்துவிட்டு வந்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. கல்லூரிக்குள் செட்டு இல்லை. பஸ்ஸுக்குள் இருந்தது.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று இப்போது யோசித்தாலும் சரியாக நினைவில்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது, குடையை விரிக்கவில்லை. வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. மகளிடம் ஒரு சாவி உண்டு. நாலரைக்கு வந்து திறந்து, பால் காய்ச்சி வைப்பது அவள் வழக்கம். கைப்பையைத் துழாவி என் சாவியை எடுத்துத் திறந்தேன்.

உள்ளே போய் முதலில் அவள் துணிப்பெட்டியைத்தான் திறந்தேன். நாவப்பழச் சேலை இல்லை. காலையில் நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டாள், அவள் என்ன கட்டிக்கொண்டு போனாள் என்று பார்க்கவில்லை. மற்றவையெல்லாம் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தன. வீட்டில் இருந்த டிரங்குப் பெட்டியும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. அதைப் பார்த்து நிம்மதிப்படாமல், பெட்டி அவனுடையதாக இருக்கும் என்று என் மனம் உடனே பதில் சொன்னது. எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பழகிய மனம்.

என் கணவர் பூட்டுக் கம்பெனியில் மேற்பார்வையாளர். ஆறு மணிக்கு மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், திறந்து கிடந்த துணிப்பெட்டியையும் என்னையும் பார்த்தார். நான் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"முதுகைத்தான பாத்தாரு?"

"சேலையைப் பாத்தாரு."

"சேலை ஓடிப்போயிருச்சுன்னு சொல்லு. பிள்ளை வந்துருவா."

"விளையாடாதீங்க. மணி ஆறாச்சு."

"எங்க செட்டுலயும் ஒருத்தன் ஓடிப்போனான். ரெண்டாம் நாளே திரும்பிட்டான், கறிக்கொழம்பு சரியில்லைன்னு."

சொல்லிவிட்டார், ஆனால் துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பாலிடெக்னிக்கில் படித்தவர். அவருடைய செட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஐந்து நரைத்த தலைகள் ஒன்றாகச் சேர்ந்து பிரியாணி சாப்பிடப் போகும். கல்யாணமான புதிதில் அதற்காக எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். நானும் விடுதியில் தங்கிப் படித்தவள்தான். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினேன், அறையில் இருந்த பெண்களோடு நன்றாகத்தான் பழகினேன். ஆனால் இன்றைக்கு எனக்கொன்று என்றால் பஸ் ஏறி வர அவர்களில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், ஒருத்தியும் இல்லை.

"நான் பஸ் ஸ்டாண்டுல போய் விசாரிக்கிறேன். நீ அந்த பேகம்பூர்ப் பிள்ளை வீட்டுக்குப் போ. இவ அவளோடதான எப்பவும் பேசுவா" என்றார் அவர்.

மகளின் சிநேகிதிகளில் எனக்கு வீடு தெரிந்தது அந்த ஒரு பெண்ணுடையதுதான். அப்பா தோல் மண்டி வைத்திருக்கிறார். ரம்ஜானுக்கு எங்கள் வீட்டுக்குத் தூக்குவாளி வரும், தீபாவளிக்கு இங்கிருந்து அங்கே போகும். குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் அம்மா, "வாங்கக்கா, மழையில நனைஞ்சு வந்திருக்கீக" என்று சொன்னது வரைக்கும்தான் என் காதில் விழுந்தது. கூடத்தில் குறுக்கே ஒரு கொடி கட்டி, அதில் துணி காயப் போட்டிருந்தார்கள். நடுவில் நாவப்பழச் சேலை தொங்கியது. எலுமிச்சம் மஞ்சள் புள்ளிகள். ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே ஒரு ஈயப் பாத்திரம் வைத்திருந்தார்கள்.

"எம் மக இங்கதான் இருக்காளா?" என்றேன்.

"இல்லையேக்கா."

"இது அவ சேலையாச்சே."

உள் அறையிலிருந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது.

"அது எஞ்சேலைம்மா" என்றாள்.

நான் சேலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு சேலைக்காக யாரும் சாயத்தொட்டி வைக்க மாட்டார்கள். சின்னாளபட்டி எங்களுக்குக் கூப்பிடு தூரம். எத்தனை முறை அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன், வாசலெல்லாம் ஒரே நிறத்தில் வரிசையாகக் காயும் சேலைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நிறம் திரும்ப வராது என்று மகள் சொன்னாள். ஒன்றுதான் வந்தது என்று அவள் சொல்லவேயில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"மொத்தம் எத்தனை சேலை?"

"செட்டு அம்புட்டுப் பேருக்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பழனி பஸ்ஸில் ஏறியது என் மகள் இல்லாமல் இருக்கலாம் என்ற நினைப்பு வந்ததும் கால் லேசாகியது. அடுத்த நொடியே, அப்படியானால் என் மகள் எங்கே என்ற கவலை வந்தது. கேட்டேன். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம்மா."

அவள் அம்மா இடுப்பில் கை வைத்தாள். "சத்தியமாவது கித்தியமாவது. பெத்தவுக முகம் வெளிறிப்போய் நிக்குது. சொல்றியா, உங்க அத்தா மண்டியிலேருந்து வரட்டுமா?"

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. காலை ஏழே முக்கால் பஸ்ஸில் பின்சீட்டில் சேர்ந்து உட்காருகிறவர்கள்தான் செட்டு. எட்டுப் பேர். அவர்களில் ஒருத்தி பழனி போகிற வழியில் ஒட்டன்சத்திரத்துப் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டுப் பெண், திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அந்த அத்தை ஒருநாள் இவர்கள் எட்டுப் பேரும் ஒரே கலர் சேலையில் பஸ்ஸைவிட்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறாள். காலேஜில் உன் மகள் செட்டுச் சேர்ந்துவிட்டாள், இனி கெட்டுப்போவாள் என்று தன் அண்ணனிடம், அதாவது அந்தப் பெண்ணின் அப்பாவிடம், போய்ச் சொல்லிவிட்டாள். அவர், படித்தது போதும் என்று மகனை அனுப்பிப் பெட்டியோடு பெண்ணைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார். தலைமை எழுத்தர் பார்த்தது அந்த அண்ணன் தங்கையைத்தான். கடைசி நாள் என்று அவள் செட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"அப்ப எம் மகளும் மத்தவளுகளும் எங்க?"

"அடுத்த பஸ்ஸுல பின்னாலயே போயிருக்காங்கம்மா. அவ அப்பாகிட்டப் பேசுறதுக்கு. ஒருத்திக்கு ஒண்ணுன்னா எல்லாரும் போகணும். அது செட்டு ரூல். நாலரைக்குள்ள திரும்பிடலாம்னு உங்க மகதான் சொன்னா."

"நீ போகலையே."

"எனக்குக் காச்சல். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன், மழையில நனைஞ்சு நடுங்கவும் அவங்களே திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னும் ரெண்டு பேரு வீட்டுல தெரிஞ்சா அடி விழும்னு வரலை. அவளுக மேல இப்ப எல்லாருக்கும் கோவம்."

"பேச வேற யாரும் கெடைக்கலையா? ஒரு பெரியவங்ககிட்டச் சொன்னா என்ன?"

அந்தப் பெண் காய்ச்சல் கண்ணோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்டச் சொல்லலாம்னு நான் சொன்னேம்மா. செட்டுன்னு கேட்டாலே எங்கம்மாவுக்கு மயக்கம் வந்துரும்னு உங்க மக சொல்லிட்டா."

அவள் அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு இஞ்சி போட்ட டீ கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு எழுந்தேன். அன்றைய பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மகள் இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள், சிரிப்பும் பாட்டுமாகத்தான் வீடு இருக்கிறது. இருந்தாலும் பழனி பஸ் என்று யாராவது சொன்னால் என் கை தானாக மேசை விளிம்பைத் தேடுகிறது. தலைமை எழுத்தர் மறுநாள் நடந்ததைக் கேட்டுவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பார்த்ததைச் சொன்னார். மீதியை நான்தான் பதிவு செய்து முத்திரையும் குத்தினேன்.

அன்று நான் வீட்டுக்குத் திரும்பியபோது என் கணவரும் வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் ஒரு நடத்துனர், கல்லூரிப் பெண்கள் சிலர் ஒட்டன்சத்திரம் டிக்கெட் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேருடைய செய்தியும் ஒன்றோடொன்று பொருந்தியது. அவர் நாற்காலியில் சாய்ந்து, "நல்ல செட்டுல்ல?" என்றார், ஏதோ தன் செட்டுக்குப் பரிசு கிடைத்த மாதிரி.

"நல்ல செட்டாம். முதல்ல வீடு வந்து சேரட்டும்."

அடுப்பில் உலையை வைத்தேன், எத்தனை பேருக்கு என்று தெரியாமலே அரிசியைக் கூடப் போட்டேன். ஏழு மணி ஆனது. அங்கே அந்தப் பெண்ணின் அப்பா எப்படிப்பட்டவரோ, வீட்டுக்குள் விட்டாரோ, விரட்டினாரோ. விரட்டியிருந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டும். வராததால், ஏதோ பேச்சு நடக்கிறது என்று என் கணவர் கணக்குப் போட்டார். வாசலுக்கும் அடுப்புக்கும் நான் நடந்ததைப் பார்த்து, "தரை தேஞ்சா வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான், உக்காரு" என்றார்.

ஏழரை தாண்டியிருக்கும். எங்கள் தெருவுக்குள் லாரி வராது, வந்தால் திருப்ப முடியாது. அன்று ஒன்று வந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றித் தார்ப்பாய் போட்டு இறுக்கிய லாரி. திருவனந்தபுரம் போகிற லோடு. எங்கள் வாசலுக்கு நேராக நின்றதும், முன்பக்கக் கதவு திறந்து ஒரு நாவப்பழச் சேலை இறங்கியது. பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னும் ஒன்று. நாலாவதாக இறங்கியவள் என் மகள். சேலை கசங்கி, தலையில் மழைத்துளி, கையில் ஒரு பை முருங்கைக்காய். என்னைப் பார்த்ததும் முருங்கைக்காயை முன்னால் நீட்டினாள், அதைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

"அம்மா, அவ அப்பா காய்கறி மண்டியிலேருந்து வரவே நாலு மணியாயிருச்சு. வந்ததும் சாப்பிடாமப் போகக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். திட்டத் தயாராக வைத்திருந்ததெல்லாம் எங்கோ போயிருந்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் லாரியின் மேலே தார்ப்பாய் அசைந்தது. மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டைக் கட்டியிருந்தார், வேட்டி முழங்காலுக்கு மேல் ஈரமாக ஒட்டியிருந்தது. டிரைவர் பக்கத்தில் இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒட்டன்சத்திரத்திலிருந்து மழையில் மூட்டைமேல் உட்கார்ந்தே வந்திருக்கிறார். என் கணவர் ஓடிப்போய்க் கை கொடுத்தார். அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, பயந்துட்டீங்களா? நானும் பயந்தவன்தானுங்க. செட்டு செட்டுன்னாங்க, என்னமோ ஏதோன்னு புள்ளையப் பொட்டியோட வரச் சொல்லிப்போட்டனுங்க. செட்டே வூட்டுக்கு வந்துருச்சுங்க. நாலும் வாசல்ல நின்னுக்கிட்டு, அவ பரீட்சை எழுதற வரைக்கும் நாங்க நவர மாட்டோம்னு சொல்லுதுங்க. தண்ணி குடிக்கச் சொன்னா, முதல்ல பதிலச் சொல்லுங்கன்னு சொல்லுதுங்க. உங்க புள்ளதான் ரொம்பப் பேசுச்சுங்க."

உள்ளே வரச் சொன்னோம். லாரி நிற்காது என்றார். டிரைவர் ஹாரனைத் தொட்டுவிட்டு, தெருவைப் பார்த்துத் தலையில் கை வைத்திருந்தார். சின்னாளபட்டிப் பெண்ணையும் அடுத்தவளையும் வழியிலேயே அவரவர் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் போவேன், மூன்றாவது பெண்ணின் வீடு அடுத்த தெரு, அவளை நீங்கள் கொண்டுபோய் விடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். ஒரு காலை லாரிச் சக்கரத்தின் மேல் வைத்தவர், திரும்பினார்.

"எம் புள்ள திங்கக்கெழம அதே பஸ்ஸுக்கு வந்துருமுங்க. அந்த சாயக்காரர் புள்ளைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்கூட்டுக்காரிக்கும் ஒரு சேலை வேணுமாமுங்க. அதே கலருல."